அமெரிக்க ஆதி இலக்கியப் போதனை

ஐக்கிய அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில், பெரும்பாலும் பதினோராம் வகுப்பில், குடியேற்றக் காலம் முதல் சுதந்திரப் பிரகடனத்தை அடுத்த ஆண்டுகள் வரை எழுந்த நூல்களைப் பயிற்றும் வழக்கம் தொன்றுதொட்டு வருவதுபோல் தோன்றினும், அது வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்னரேயாம். 1690-ஐ ஒட்டிப் பாஸ்டனில் வெளிவந்த நியூ இங்கிலாந்து பிரைமர் எழுத்தறிவோடு சமய நெறியையும், நோவா வெப்ஸ்டர் 1780-களில் இயற்றிய பாடபுத்தகங்கள் அதனோடு தேசாபிமானத்தையும் புகட்டினவேயன்றி, இலக்கிய ரசனையைத் தம் முதல் நோக்கமாகக் கொண்டவையல்ல. 1607 முதல் 1765 வரையிலான இலக்கிய சரித்திரத்தை மோசஸ் காய்ட் டைலர் 1878-இல் வெளியிட்டபோதுதான் அக்காலப்பகுதி ஆராய்ச்சிக்குரிய தனித்துறையாயிற்று.

பாடமாக வைக்கத்தக்க நூல்களே தாமதமாகத்தான் கைக்குக் கிட்டின. பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டின் வரலாற்றுக் கையெழுத்துப் பிரதி நெடுநாள் காணாமற்போயிருந்து, லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது 1855-இல் தெரியவந்து, மறு ஆண்டு அச்சேறியது. குடியேற்றக் காலக் கவிஞர் எட்வர்டு டெய்லரின் கவிதைகள் யேல் நூலகத்தினின்று வெளிப்பட்டதோ 1937-இல். அமெரிக்கச் சேலம் நகரத்துச் சூனிய வழக்குகளை மாணாக்கர் அறிவது பல வகுப்புகளில் ஆர்தர் மில்லரின் 1953-ஆம் ஆண்டு நாடகத்தின் வாயிலாகவே என்பதால், ஆதி இலக்கிய வரிசையில் இருபதாம் நூற்றாண்டு நூலொன்று கூச்சமின்றி அமர்ந்திருக்கிறது!

நூல்கள் கிட்டியபின், அவற்றை எல்லா மாணாக்கருக்கும் எட்டச் செய்வது அடுத்த சிக்கல். ஆங்கிலம் அறியாத சீன வமிசத்து மாணாக்கருக்கு மற்றவர்க்குரிய புத்தகத்தையும் ஆசிரியரையும் அளித்துவிட்டதால் மட்டும் சமத்துவம் நிறைவேறாது என்று, சான்பிரான்சிஸ்கோ வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1974-இல் தீர்ப்பளித்தபின், இவர்போல் ஆங்கிலம் பயிலும் மாணாக்கருக்குப் பழைய உரைநடையை எவ்விதம் போதிப்பது என்ற வினாவைப் பள்ளிகள் ஒதுக்க இயலவில்லை. சாரத்தை மட்டும் எளிய நடையில் பிழிந்து கொடுப்பது பலரும் கைக்கொண்ட உபாயம். அது மூலத்தின் சுவையை அறவே பறித்துவிடுகிறது. இதனினும் மேலானது, மூலத்தின் சிறு பகுதியை எடுத்து நின்று நிதானித்துப் படிப்பிப்பது. சுதந்திரப் பிரகடனத்தில் மன்னர்மீது அடுக்கப்படும் குற்றச்சாட்டுகளுள் பெரும்பாலானவை ஒரே இரு சொற்களால் தொடங்குவதால், மொழிக்குப் புதியவனும் அவ்வமைப்பைப் பற்றிக்கொண்டு, ஒரு குற்றச்சாட்டை மட்டும் தெரிந்தெடுத்து, முதலில் தாய்மொழியிலும் பிறகு இன்றைய ஆங்கிலத்திலும் எழுதிப் பார்க்கலாம். லத்தீன் வழிச்சொற்கள் மலிந்த அந்நடையில் ஸ்பானிய மொழி பேசும் மாணவனுக்குப் பரிச்சயமான சொற்கள் பல தட்டுப்படும். 1741-இல் ஜோனதன் எட்வர்ட்ஸ் என்ஃபீல்டில் நிகழ்த்திய பிரசங்கமோ செவிக்கென எழுந்ததாகலின், அதை உரக்க வாசித்தல் அவசியம்.

இத்தகைய மாணாக்கர் இவ்விலக்கியத்துக்கு அந்நியர் என்று கருதுவதற்கு இடமேயில்லை. ஸ்பானியர் கபேசா தெ வாகாவின் அமெரிக்க யாத்திரை விவரம் 1542-இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. 1761-இல் அடிமையாகப் பாஸ்டனுக்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுமி ஃபிலிஸ் வீட்லி, அங்கேதான் ஆங்கிலம் கற்று, 1773-இல் லண்டனில் தம் கவிதை நூலை வெளியிட்டார். 1990-இல் வெளியான ஹீத் அமெரிக்க இலக்கியத் தொகைநூல் போன்றவை இத்தகையோரின் எழுத்துக்கும் விரிந்த இடமளித்தன. பல மாநிலங்கள் ஏற்ற 2010-ஆம் ஆண்டுப் பொதுக் கல்வித் தர நியமங்கள், பதினெட்டாம் நூற்றாண்டு முதலான அடிப்படை அமெரிக்க நூல்களைப் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பினர் அறிந்திருத்தல் வேண்டுமென விதித்துள்ளன. ஆங்கிலம் பயில்வோருக்கும் அவ்விதி பொருந்தும்.