அறுந்த கம்பிகளின் சாட்சி

சென்ற வாரம் 1755இன் லிஸ்பன் நகரைப் பார்த்தோம். இனி அதே அட்லாண்டிக்கின் எதிர்க்கரைக்குப் போவோம். காட் மீனை நம்பி வாழ்ந்த தீவு நியூஃபவுண்ட்லாந்து. 1929இல் அது கனடாவோடு சேராத தனி நாடு. அதன் தென்புறத்தில் கடலுக்குள் கால் நீட்டியதுபோல் கிடக்கிறது பியூரின் தீபகற்பம். படகு கட்டவும் மீன் இறக்கவும் வசதியாக, மீனவர்கள் அலை தொடும் தூரத்திலேயே மரவீடுகளைக் கட்டியிருந்தார்கள்.

நவம்பர் 18, திங்கட்கிழமை மாலை 5:02. தரை குலுங்கியது, அலமாரிப் பாத்திரங்கள் கலகலத்தன. தெற்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கடியில் 7.2 அளவில் நிலநடுக்கம். அதிர்வு அடங்கியதும் பேச்சும் அடங்கியது. அடுப்பு மூட்டி இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். காற்றில்லாத, அமைதியான மாலை அது.

இரண்டரை மணி நேரம் கழித்துத் துறைமுகங்களில் தண்ணீர் வற்றியது. பிறகு கடல் மூன்று அலைகளாகத் திரும்பி வந்தது. குறுகலான விரிகுடாக்களின் உள்முனையில் நீர் 13 மீட்டர் உயரம்வரை ஏறியது. வீடுகள் ஆட்களோடு மிதந்து போயின. இறந்தவர்கள் 28 பேர். பிழைத்தவர்களுக்கும் குளிர்காலத்துக்குச் சேர்த்த மாவு, நிலக்கரி, உப்பிட்ட மீன் எதுவும் மிஞ்சவில்லை. மறுநாள் பனிப்புயல்.

என் மனம் ஆறாத இடம் இதுதான்: உதவி கேட்க வழியில்லை. தீபகற்பத்தின் தந்திக் கம்பி சில நாட்களுக்கு முன் வீசிய புயலில் அறுந்திருந்தது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைக்கும் கம்பிகள் அதே கடலின் அடியில் கிடக்க, கரையில் இருந்தவர்களின் குரல் தலைநகர் செயின்ட் ஜான்ஸை எட்டவில்லை. 21ஆம் தேதி, வழக்கமான பயணத்தில் வந்த 'போர்ஷியா' கப்பலின் வயர்லெஸ்தான் செய்தியை அனுப்பியது. அதன்பிறகே மருத்துவர்களோடும் உணவோடும் 'மெய்கில்' கப்பல் கிளம்பியது.

கடலடியில் கிடந்த அந்தக் கம்பிகளும் தப்பவில்லை. 12 கம்பிகள் அறுந்தன. ஆனால், எல்லாம் ஒரே நொடியில் அல்ல. நடுக்கத்தின் மையத்தை ஒட்டியவை உடனே அறுந்தன. ஆழத்தில் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசிக் கம்பி அறுந்தபோது 13 மணி நேரம் கடந்திருந்தது. தந்தி நின்ற நேரம் நிமிடக் கணக்கோடு பதிவாகியிருந்தது. 1952இல் புரூஸ் ஹீசன், மாரிஸ் யூயிங் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை வரிசைப்படுத்தி விடை கண்டார்கள். நடுக்கத்தில் கண்டச் சரிவு இடிந்திருக்கிறது. இடிந்த மண் நீரோடு கலந்து சேற்று வெள்ளமாகி, ஆழ்கடலை நோக்கி ஓடி, வழியில் கிடந்த கம்பிகளை அறுத்திருக்கிறது. சரிந்த மண் சுமார் 200 கன கிலோமீட்டர் என்பது பிற்கால மதிப்பீடு. பியூரினைத் தாக்கிய அலையை எழுப்பியதும் முதன்மையாக அந்தச் சரிவே.

அட்லாண்டிக் தீவுகளின் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நம் கரையை விழுங்கிய 2004 பேரலைக்குப் பிறகே வடகிழக்கு அட்லாண்டிக்குக்கும் கரீபியனுக்கும் யுனெஸ்கோவின் எச்சரிக்கை அமைப்புகள் உருவாயின. நில அதிர்வுக் கருவி நடுக்கத்தின் அளவைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். அந்த நடுக்கத்தில் ஆழத்துச் சரிவு இடிந்ததா என்பதை அந்த அளவு சொல்லாது.

இதைவிடப் பன்மடங்கு பெரிய சரிவு ஒன்று சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் நார்வே கடலில் நிகழ்ந்தது. அதன் அலை கொண்டுவந்த மணல் ஷெட்லாந்து தீவுகளில் இன்றும் கிடக்கிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)