47 டன் தங்கமும் 85 சதவீத வாக்கும்

உலக ஆதிக்கம் மேற்கிலிருந்து கிழக்கே வந்துவிட்டது என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்கு 1991 ஜூலை மாதம்தான் ஞாபகம் வரும். அன்னியச் செலாவணி வற்றிப்போய், ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. செய்தி வந்த அன்று எங்கள் ஆபீஸில் யாருக்கும் வேலையே ஓடவில்லை. கடன் கொடுத்தவை இரண்டு: பாங்க் ஆஃப் இங்கிலாந்து, பாங்க் ஆஃப் ஜப்பான். கிழக்கில் அப்போதே பணம் இருந்தது, நம்மிடம்தான் இல்லை!

2009-ல் அதே ரிசர்வ் வங்கி ஐ.எம்.எஃப்.பிடம் 200 டன் தங்கம் வாங்கியது. எங்கள் வீட்டில் அன்று பாயசம். ஆனால் நான் பௌதிகம் படித்தவன். நிறை வேறு, விசை வேறு. ஐ.எம்.எஃப்.பில் பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு தேவை. அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல். அது தலையசைக்காமல் ஒன்றும் நகராது. சீனா, இந்தியா போன்ற நாடுகளின் பங்கைக் கூட்ட 2010-ல் எடுத்த முடிவு, அமெரிக்க காங்கிரஸ் இசைந்த பிறகு, 2016 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது.

அதே மாதம் பெய்ஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி திறக்கப்பட்டது. அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாமல், ஜி-7 நாடுகளில் முதலாவதாக அதில் சேர மனுப்போட்டது பிரிட்டன். சீனாவுக்கு அடுத்த பெரிய பங்குதாரர் நாம்.