புத்தகத்தில் பிறந்த ஆராய்ச்சிசாலை

சாஸ்திர விஷயங்களைப் பொதுஜனங்களுக்குக் கதையாகச் சொல்வதென்பது, ஆராய்ச்சியெல்லாம் முடிந்தபின் ஓய்வு வேளையில் செய்யத்தக்கதோர் உபகாரம் என்று படித்தவர்கள் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அமெரிக்காவின் ப்ளோரிடா மாகாணத்தில், பிளாசிடா என்னும் கடற்கரைச் சிற்றூரில், 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய கேப் ஹேஸ் கடல் ஆராய்ச்சிசாலையின் வரலாற்றை நோக்கினால், அங்கே கதை முன்னே வந்தது, ஆராய்ச்சிசாலை பின்னே எழுந்தது என்பது விளங்கும்.

அவ்வாராய்ச்சிசாலையை நடத்தியவரும் இளம்பிராயத்திலேயே தந்தையை இழந்தவருமான யூஜினி கிளார்க், ஜப்பானிய வம்சத்தவரான தம் தாயார் சனிக்கிழமைகளில் வேலைக்குச் செல்லும்போதெல்லாம் நியூயார்க் மீன் காட்சிசாலையில் விடப்பட்டு, கண்ணாடித் தொட்டிகளின் முன்னே மீன்களைப் பார்த்தவாறே வளர்ந்தவர். பஸிபிக் தீவுகளிலும் எகிப்தின் செங்கடற்கரையிலும் மீன் தேடி அலைந்த அனுபவங்களை, ஈட்டியேந்திய பெண்மணி என்று பொருள்படும் தலைப்புடன் 1953-இல் அவர் நூலாக வெளியிட்டார். அதைப் படித்து மனம் பறிகொடுத்த வாண்டர்பில்ட் குடும்பத்தார் அவரை ப்ளோரிடாவுக்கு அழைத்து, ஊரார் கூடிய சபையில் பேசச் செய்து, அதன் பின்னரே ஆராய்ச்சிசாலையை அமைத்துக் கொடுத்தனர். அது 20 அடி நீளமும் 12 அடி அகலமுமே கொண்ட ஒரு மரக்கட்டடம்.

வைத்திய ஆராய்ச்சியாளர் ஒருவர் சுறாவின் ஈரல் வேண்டுமென்று கேட்டதே அங்கே சுறா ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. சுறா என்றால் பசியைத் தவிர வேறொன்றும் அறியாத மூடப்பிராணி என்ற எண்ணம் வேரூன்றியிருந்த அந்நாளில், 1958-இல், கடலோரத்து அடைப்பில் விடப்பட்ட எலுமிச்சைச் சுறாக்கள் இரண்டுக்குக் கிளார்க் ஒரு பாடம் கற்பித்தார். வெள்ளை வர்ணம் பூசிய சதுரப் பலகையொன்றை நீரில் இறக்கி, அதனெதிரே இரையைத் தொங்கவிட்டார். இரையைக் கவ்வும் சுறாவின் மூக்கு பலகையில் இடிக்க, மணி ஒலிக்கும். சில வாரங்கள் கழித்து இரையின்றிப் பலகையை மட்டும் இறக்கினார். சுறா வந்தது, வெறும் பலகையைத் தானே மூக்கால் அழுத்தியது, மணி ஒலித்தபின் எறியப்பட்ட இரையைப் பெற்றுக்கொண்டது. குளிர்காலத்தில் நீர் குளிர்ந்து சுறாக்கள் இரையில் நாட்டமிழந்ததால் பாடம் பல வாரங்கள் நின்றுபோயிற்று. வெயில் திரும்பிப் பலகையை மறுபடி இறக்கியபோது, அவை கற்றதை மறந்திருக்கவில்லை! மறு ஆண்டு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியான இச்செய்தியை, 1969-இல் சுறாக்களைப் பற்றித் தாம் எழுதிய நூலில் எளிய நடையில் அவர் விரித்துரைத்தார்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் புலிச்சுறாவின் உலர்ந்த தாடையொன்றை மோட்டாரில் வைத்துக்கொண்டு போகையில், வண்டி திடீரென்று நிற்க, அதன் பற்கள் அவர் கையில் பதிந்தன. வாழ்நாளெல்லாம் சுறாக்களின் நடுவே நீந்திய அவருக்குச் சுறாப் பல்லால் நேர்ந்த காயம் அதுவே.

1975-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் விசேஷமானது. ஓயாமல் நீந்தினாலன்றிச் சில இனச் சுறாக்களுக்கு மூச்சில்லை என்று நம்பப்பட்டிருக்க, மெக்ஸிகோவின் முஹேரஸ் தீவை அடுத்த கடற்குகைகளில் அவை அசையாமல் தரையில் படுத்து, வாயைத் திறந்து மூடி நீரைச் செவுள்வழி செலுத்திக்கொண்டு, நெருங்கி வரும் மனிதரைக் கண்களால் மட்டும் தொடர்ந்ததைக் கிளார்க் நேரில் கண்டிருந்தார். குகைக்குள் ஊறும் நன்னீர், சுறாவின் உடலைப் பற்றிய ஒட்டுண்ணிகளைத் தளர்த்துகிறது போலும் என்பது அவர் ஊகம். ஏப்ரல் மாத நேஷனல் ஜியாக்ரபிக் இதழில் அவர் இவற்றையெல்லாம் எழுதினார். ஜூன் மாதத்தில் 'ஜாஸ்' திரைப்படம் வெளிவந்தது. மாலைப்பொழுது ஒன்றில் ஜனங்களின் உள்ளத்தில் அப்படம் ஏற்றிவிட்ட பீதியை இறக்க, கிளார்க்கைப் போன்றோர் பல்லாண்டுகள் எழுதியும் பேசியும் உழைக்க நேர்ந்தது. சுறாக்கள் கணக்கின்றிக் கொல்லப்பட்டு வந்த காலத்தில் இவ்வுழைப்பைவிடப் பெரிய ஜீவகாருண்யம் வேறு இருந்ததாக நான் கருதவில்லை. அப்படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியும், புதிய ஆராய்ச்சிகளை அறிந்தபின் அத்தகைய நூலை இனி எழுத இயலாதென்று கூறி, 2006-இல் காலமாகும் வரை சுறாக்களின் பாதுகாப்புக்காகப் பேனாவைப் பயன்படுத்தினார்.