எலும்பு முறிவு சிகிச்சையும் புகைப்பழக்கமும்: ஆலோசனை எவ்வாறு உதவுகிறது?

புதுதில்லி: சாலை விபத்தில் கால் முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்படுபவரிடம் எலும்பு சிகிச்சை மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, புகைப்பிடிக்கும் பழக்கம் உண்டா என்பது. நுரையீரலுக்கும் இதயத்துக்கும் புகை தீங்கு விளைவிப்பதை அறிந்த பலரும், முறிந்த எலும்பு கூடுவதையும் அது தாமதப்படுத்தும் என்பதை அறிந்திருப்பதில்லை.

நாட்டில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 4.43 லட்சம் பேர் காயமடைந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் உள்ளவர்களே விபத்துகளில் அதிகம் சிக்குகின்றனர். எலும்பு கூடுவது சில மாதங்கள் தள்ளிப்போனால் அத்தனை மாதக் கூலியும் இழப்பாகிறது. மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் கடனும் சேர்ந்துகொள்கிறது.

எலும்புக்கு என்ன நேர்கிறது?

முறிந்த இடத்தில் புதிய எலும்பு உருவாக ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் தேவை. நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதனால் எலும்பு கூடுவது தாமதமாகிறது. தையல் போட்ட புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து எலும்பு முறிந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், புகைப்பிடிப்போருக்கு எலும்பு கூடும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. எலும்பில் கிருமித்தொற்று ஏற்படும் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது.

பழக்கத்தை விட்டால் பயன் உண்டா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துள்ளது. டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சைக்குக் காத்திருந்த 120 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2002-இல் வெளியானது. அறுவை சிகிச்சைக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே ஆலோசனையும் நிக்கோட்டின் மாற்று சிகிச்சையும் பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கே சிக்கல்கள் ஏற்பட்டன. மற்றவர்களில் அது 52 சதவீதம். விபத்துக்கு நாள் குறித்து வர முடியாது என்பது உண்மைதான். ஆனால், எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அதன் பின்னர் 6 வாரங்கள் உதவி அளித்த ஸ்வீடன் ஆய்விலும் சிக்கல்கள் 38-இலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தன.

படுக்கையருகே நடக்கும் உரையாடல்

மருத்துவமனை வளாகத்தில் புகைப்பிடிக்கச் சட்டப்படி தடை உள்ளது. எழுந்து நடக்க இயலாத நோயாளி, தாமாகத் திட்டமிடாமலேயே புகையற்ற சில நாள்களைக் கடந்துவிடுகிறார். எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு ஆகியவை முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தை எட்டிப் பின்னர் படிப்படியாகத் தணிகின்றன. அந்தக் கட்டத்தில் உறவினர் ஒருவர் தலையணைக்கு அடியில் பீடிக்கட்டை வைத்துவிட்டுச் சென்றால் எல்லாம் வீணாகும். எனவே, உடனிருப்பவரிடமும் பேசுவது அவசியம்.

நல்ல ஆலோசனை கண்டிப்பதில்லை. தினமும் எத்தனை, காலையில் கண் விழித்த எத்தனை நிமிடத்தில் முதல் பீடி, முன்பு விட முயன்றது உண்டா, எதனால் மீண்டும் தொடங்கினார் என்று கேட்டறிகிறது. விழித்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவரிடம் நிக்கோட்டின் சார்பு வலுவாக இருக்கும்; அவருக்கு வாய்ச்சொல் மட்டும் போதாது, மருந்தும் தேவைப்படலாம். நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றை எலும்பு முறிந்தவர் பயன்படுத்தலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். புகைக்கும் ஆவல் எழும்போது சில நிமிடங்கள் தள்ளிப்போடுவதும், தண்ணீர் அருந்துவதும், ஆழ்ந்து மூச்சு விடுவதும் எளிய உத்திகள். பீடியை விட்டு கைனி, குட்காவுக்கு மாறுவது தீர்வாகாது. அவற்றிலும் நிக்கோட்டின் உள்ளது.

கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்க முடிவது சில நிமிடங்களே. செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் இப்பணியில் பெரிதும் கைகொடுக்க முடியும். மாவுக்கட்டு மாற்றவும் எக்ஸ்ரே எடுக்கவும் நோயாளி மீண்டும் மீண்டும் வருவதால், தொடர் கண்காணிப்புக்கான வாய்ப்பு இயல்பாகவே அமைகிறது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு கூடிவருவதைக் காட்டி விளக்குவதைவிட வலுவான ஊக்கம் வேறில்லை.

2016-17-ஆம் ஆண்டு தேசிய அளவிலான புகையிலைப் பயன்பாட்டு ஆய்வின்படி, புகைப்பிடிப்போரில் 55.4 சதவீதம் பேர் அதை விட எண்ணுகின்றனர். ஆனால், அதை விடுமாறு மருத்துவப் பணியாளரிடமிருந்து அறிவுரை பெற்றவர்கள், சிகிச்சைக்குச் சென்றவர்களில் பாதிக்கும் குறைவு.

வீடு திரும்பிய பிறகு உதவி தேவைப்படுவோர் 1800-11-2356 என்ற தேசிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். தில்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் மையத்தில் 2016-இல் தொடங்கிய இச்சேவை, பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மையங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. தமிழிலும் ஆலோசனை பெறலாம். விடும் நாளைக் குறித்துக்கொண்ட பிறகு, ஆலோசகரே திரும்ப அழைத்து நிலையை விசாரிப்பார்.