வெடிக்காத குண்டுகளின் கணக்கு

போன வாரம் விமானப் போர் சிமுலேட்டரில் ஸ்கைஹாக் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அலையை உரசுகிற மாதிரி தாழப் பறந்து ஒரு கப்பல் மேல் குண்டு போட்டேன். குறி தப்பவில்லை. ஆனால் குண்டு வெடிக்கவில்லை. 'எவனோ கோடில் சொதப்பிட்டான்' என்று திட்டிவிட்டு ஃபியூஸ் செட்டிங்கைத் திறந்து பார்த்தால், சொதப்பியது நான்தான்.

ஃபியூஸில் இரண்டு நேரங்கள் உண்டு. ஒன்று, விமானத்தை விட்டுப் பிரிந்தபின் ஃபியூஸ் தயாராக ஆகும் நேரம். பழைய குண்டுகளின் மூக்கிலோ வாலிலோ ஒரு சின்னக் காற்றாடி இருக்கும். அது சுழலாதபடி ஒரு கம்பி பிடித்திருக்கும். குண்டு விழும்போது கம்பி விமானத்திலேயே தங்கிவிடும். காற்றாடி சுழல ஆரம்பிக்கும். இத்தனை சுற்று முடிந்தால்தான் ஃபியூஸ் தயார். அதற்குள் எதில் மோதினாலும் அது வெறும் இரும்புக் கட்டிதான். இன்னொன்று, மோதியபின் வெடிக்க எடுக்கும் தாமதம்.

எதற்கு இந்த வம்பு? போட்ட குண்டு போட்டவனையே கொன்றுவிடக் கூடாது. நேர்கோட்டில் பறந்து போட்டால், குண்டு தரையைத் தொடும்போது விமானம் ஏறக்குறைய அதன் தலைக்கு மேலேதான் இருக்கும்.

இப்போது பள்ளிக்கூட இயற்பியல். 100 மீட்டர் உயரத்திலிருந்து விழ சுமார் 4.5 விநாடி ஆகும். 15 மீட்டரிலிருந்து 1.75 விநாடிதான். நான் வைத்திருந்தது 3 விநாடி. எப்படி வெடிக்கும்?

இதே கணக்கு 1982-இல் ஃபாக்லாந்துப் போரில் நிஜமாகவே நடந்தது. மே 21 அன்று சான் கார்லோஸில் பிரிட்டிஷ் படை கரையிறங்கியது. அதைத் தடுக்க வந்த அர்ஜென்டினா விமானிகள், கப்பல்களின் ஏவுகணைகளுக்கும் ரேடாருக்கும் தப்ப கடலை ஒட்டியே பறந்தார்கள். அவர்கள் போட்ட பல குண்டுகள் கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைத்தும் வெடிக்கவில்லை. ஆர்கோனாட் கப்பலுக்குள் இரண்டு, ஆன்ட்ரிமுக்குள் ஒன்று என அப்படியே கிடந்தன. பிராட்ஸ்வேர்டில் ஒரு குண்டு மேல்தளத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறி, ஹெலிகாப்டரை நொறுக்கிவிட்டுக் கடலில் விழுந்தது. அதாவது, ஒரு விமானத்தைக்கூட வீழ்த்தாத ஏவுகணையும் கப்பலைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் பயம்தான் விமானிகளைத் தாழப் பறக்க வைத்தது. தாழப் பறந்ததால்தான் ஃபியூஸுக்கு நேரம் போதவில்லை.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. விழும்போது தடுப்புச் சிறகோ பாராசூட்டோ விரிந்து குண்டின் வேகத்தைக் குறைத்தால், விமானம் தப்பி ஓட நேரம் கிடைக்கும். அர்ஜென்டினாக் கடற்படையின் ஸ்கைஹாக்குகள் ஆர்டென்ட் கப்பலைத் தாக்கியது இப்படித் தடுப்புச் சிறகு வைத்த குண்டுகளால்தான். ஆர்டென்ட் மூழ்கியது.

'வெடிக்காதது அதிர்ஷ்டம்' என்று சொல்லிவிட்டு இந்தக் கதையை முடிக்க முடியவில்லை. மே 23 அன்று ஆன்டிலோப் கப்பலுக்குள் 1000 பவுண்டு குண்டுகள் இரண்டு வெடிக்காமல் தங்கின. அவற்றில் ஒன்றைச் செயலிழக்க வைக்கும் முயற்சியில் இருந்தபோது அது வெடித்தது. ராணுவப் பொறியாளர் ஜேம்ஸ் பிரெஸ்காட் அங்கேயே இறந்தார். கப்பல் இரவெல்லாம் எரிந்து மறுநாள் மூழ்கியது.

சிமுலேட்டரில் வெடிக்காத குண்டுக்கு மதிப்பெண் கிடையாது, அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடலாம். அங்கே அந்தக் குண்டின் பக்கத்தில் ஒருவர் போய் உட்கார வேண்டியிருந்தது.