குழந்தையின் காதுவலி: சொல்லும் வேற்றுமை உருபும்

பேசத் தொடங்காத குழந்தைக்கு நோவு உண்டு. அந்நோவுக்குப் பெயரிடுபவர் பிறரே. பெரும்பாலும் தாயோ பாட்டியோ முதலில் பெயரிடுகின்றனர். மருத்துவர் பின்னரே வருகிறார். வீட்டு மருத்துவத்தின் சொற்கள் இம்முதற் பெயரீட்டிலேயே பிறக்கின்றன.

இந்திய மருத்துவ மரபில் இச்சிக்கலை நேராக எடுத்துக்கொண்ட நூல் காசியப சங்கிதை. நேபாளத்தில் கிடைத்த சிதைந்த சுவடியைக் கொண்டு 1938இல் பம்பாயில் அச்சேறிய இந்நூலின் வேதனை பற்றிய அத்தியாயம், குழந்தையின் அசைவுகளை நோய்ப்பெயர்களாக மாற்றித் தருகிறது. கையால் காதைத் தொடுதல், தலையை மிகுதியாக அசைத்தல், அமைதியின்மை, உணவில் வெறுப்பு, உறக்கமின்மை ஆகியன கர்ணவேதனையின் குறிகள். காதை இழுப்பது மட்டுமே நோய்க்குச் சான்றாகாது என இன்றைய மருத்துவம் கூறும். எனினும் குறிகளைத் தொகுத்து நோக்கும் முறை பழுதற்றது.

சூலம் என்பதன் அடியாக வந்த சூலை தமிழில் குத்தல் நோவுக்குப் பெயராயிற்று. ஆயினும் திருநாவுக்கரசர் வரலாற்றின் செல்வாக்கால் சூலை என்றதும் வயிற்றுநோவே நினைவுக்கு வருகிறது. வீட்டு வழக்கு காதுவலி, காதுக்குத்து என்பனவற்றையே கொண்டது. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'குழந்தைக்குக் காது குத்துகிறது' என்பது நோவு. 'குழந்தைக்குக் காது குத்துகிறார்கள்' என்பது சடங்கு. எழுவாயும் வினைமுற்று விகுதியுமே இரண்டையும் பிரிக்கின்றன. தெலுங்கில் இம்மயக்கம் இல்லை: நோவு 'செவிபோட்டு', துளையிடுதலுக்குத் தைத்தலைக் குறிக்கும் 'குட்டு' என்னும் வேறு வினை உண்டு. போட்டு என்பதும் குத்துதலையே குறிக்கும் 'பொடுசு' என்னும் வினையடியாகப் பிறந்தது என்பது நோக்கத்தக்கது.

1998 நவம்பரில் ஐதராபாத்தின் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பெற்ற பின், மென்பொருள் பணியை நாடிப் பல தமிழ்க் குடும்பங்கள் அப்பகுதிக்குச் சென்றன. தமிழ்த் தாயும் தெலுங்குச் செவிலியும் எதிர்ப்படும் இடங்களுள் அதுவும் ஒன்று. இருவருக்கும் செவி பொதுச்சொல். கன்னடத்துக் 'கிவி' மட்டும் பழைய ககரத்தைக் காத்துள்ளது. உறுப்பின் பெயரால் இங்குக் குழப்பம் நேர்வதில்லை. குழப்பம் வினையிலும் உருபிலும் உள்ளது.

மருத்துவத் தமிழின் வரலாறு பெரிதும் பெயர்ச்சொற்களின் வரலாறாகவே எழுதப்பெற்றுள்ளது. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன், 1864இல் தமிழ்வழி மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1872இல் வைத்தியாகரம் வெளிவந்தது. உறுப்புக்கும் நோய்க்கும் பெயர் காணும் அரும்பணி அது. ஆனால் தாய்க்கு வேண்டுவது செய்முறை. அதனை உருபே தாங்குகிறது.

'காதுக்கு எண்ணெய் விடு' என்னும் தொடரை நோக்குக. பூண்டிட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயையும் தாய்ப்பாலையும் காதில் விடும் வழக்கம் பரவலானது. இங்குக் குவ்வுருபு 'காதின் பொருட்டு' என்றும் 'காதினுள்' என்றும் இருபொருள் படுகிறது. குழந்தைகளின் நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால், சளி பிடித்தபின் செவிப்பறைக்கு உட்புறம் சீழ் சேர்வது எளிது. பறை பழுதற்றிருப்பின் எண்ணெய் அவ்விடத்தை எட்டாது. பறை கிழிந்திருப்பின் எட்டித் தீங்கு செய்யக்கூடும். ஆகவே 'காதுக்கு மருந்து' என்று மட்டும் எழுதும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலே எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டியவர் ஆகிறார்.

வெளியே வெதுவெதுப்பு வைப்பதே வீட்டில் செய்யத்தக்கது. இதன் பெயரிலும் மொழிகள் வேறுபடுகின்றன. தமிழ் ஒற்றடம், ஒற்றுதல் என்னும் செயலால் வந்தது. தெலுங்குக் 'காபடம்' காய்தல், காய்ச்சுதல் என்பவற்றோடு உறவுடையது. ஒன்றில் அழுத்தம் முன்னிற்கிறது, மற்றொன்றில் சூடு. பச்சிளம் தோலுக்கு இரண்டும் அளவோடு இருத்தல் வேண்டுமாதலின், தமிழில் சூட்டின் அளவையும் தெலுங்கில் மென்மையையும் அடைமொழியாகச் சேர்த்தல் இன்றியமையாதது.

அதன்படித் தமிழ்த் தொடர் இவ்வாறு அமையலாம்: 'காதினுள் எதனையும் விடாதீர்கள், இளஞ்சூட்டுத் துணியைக் காதின் வெளிப்புறத்தில் மெல்ல வையுங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள், காதில் நீரோ சீழோ வடிந்தாலும், குழந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்டதாயினும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.'