குழாய் நீரும் தொழிற் சட்டமும்

பெங்களூர் நீலசந்திராவிலும் அதனை அடுத்த ஆஸ்டின் டவுன், விவேக்நகர்ப் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இந்நகரத்தார் பருகும் நீரின் வரலாறு நீண்டது. 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் குழாய்வழி நீர் வந்தது. 1974-இல் காவிரியே வந்தாள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டு நிலத்தை நோக்கி, இயந்திரங்களால் ஏற்றப்பெற்று வந்தாள். தஞ்சைத் தரணியில் தானே ஓடிப் பாய்பவளை இங்கே மின்விசை கொண்டு மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது.

இந்நீரை வழங்கும் பொறுப்பு, 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பெங்களூர்க் குடிநீர் வழங்கல், கழிவுநீர் வாரியத்தினுடையது. நாள்தோறும் குழாயைத் திறக்கும் நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அவ்வாரியத்தின் ஊழியர் சிலர்மீது விதிக்கப்பட்ட அபராதத் தொகையைப் பற்றி எழுந்த ஒரு சிறு வழக்கே, தொழிற்சட்டத்தின் காப்பு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை இந்திய நாடு முழுமைக்கும் வரையறுத்தது. அதன் கதையைக் கூறுதலே நம் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அதனைக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஆங்கிலச் சட்டத்தில் 'இண்டஸ்ட்ரி' என்றிருப்பதைத் தமிழில் 'தொழில்' என்கிறோம். ஆலை நடத்துவதும் தொழில், தச்சு வேலையும் தொழில், வழக்குரைப்பதும் தொழில், கோயிலில் பூசை செய்வதும் தொழில். கன்னடத்தில் அதே சொல் 'கைகாரிகே' என்றாகி, கையின் உழைப்பை நினைவூட்டுகிறது. இந்தியிலோ 'உத்யோக்'. தமிழன் காதில் 'உத்தியோகம்' என்றால் நாற்காலியும் மாதச் சம்பளமுமே தோன்றும்! ஆங்கிலம் பயின்றவர் மனத்திலோ புகைபோக்கியும் சங்கொலியும் எழுகின்றன. உச்ச நீதிமன்றம் கால் நூற்றாண்டுக் காலம் விவாதித்த வினாவின் சிக்கலில் ஒரு பகுதி, அந்தப் புகைபோக்கியை மனத்திலிருந்து நீக்க இயலாமையே என்பது நம் கருத்து.

தொழிலாளர் உரிமைப் போராட்டத்தில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியும் திரு. வி. கலியாணசுந்தரனாரின் தமிழும் அதற்குத் துணை நின்றன. பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரே அதன் உயிர்நாடி. (அதே பின்னி நிறுவனத்தார் பெங்களூரிலும் ஆலை நடத்தியதைப் பழைய பெங்களூர்வாசிகள் அறிவர்.) வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டலாகாது என்று வாடியா முதலியோர்மீது சென்னை உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. சங்கம் அமைத்தோருக்குச் சட்டத்தின் காப்பு எதுவும் இல்லை என்பதை நாடு அப்போதுதான் கண்டது. 1921-இல் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் இதனை எழுப்பினார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

சங்கம் வைக்கும் உரிமை வந்தது. தகராறு எழுந்தால் அதனைத் தீர்ப்பது எங்கே? அதற்கு விடையாக வந்தது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம். வேலைநீக்கம் நியாயமற்றதாயின் மீண்டும் வேலை பெறவும், ஆட்குறைப்பு நேர்ந்தால் இழப்பீடு பெறவும், வரவேண்டிய பணத்தைக் கணக்கிட்டுப் பெறவும் தொழிலாளிக்கு அது வழி செய்தது. ஆனால் வாயிலில் ஒரு காவலன் நின்றான். வேலை பார்க்கும் இடம் சட்டத்தின் பொருளில் 'தொழில்' ஆக இருந்தால்தான் உள்ளே செல்லலாம். இல்லையேல் சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். கூலியாளால் அங்கே எத்தனை ஆண்டு காத்திருக்க இயலும்? 'தொழில்' என்பதற்குச் சட்டம் தந்த இலக்கணமோ, ஆஸ்திரேலியாவின் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட, எல்லை காண அரிய ஒரு நீண்ட வாக்கியம்.

1953-இல் வங்காளத்து பட்ஜ்பட்ஜ் நகராட்சி வழக்கில், நகராட்சியின் பணியும் தொழிலாகலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1960-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் வார்டு வேலை பார்த்த இரு பெண்களின் வழக்கில், அரசு மருத்துவமனையும் தொழிலே என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கஜேந்திரகட்கர். பிறகு காற்று திசை மாறிற்று. 1962-இல் வழக்கறிஞர் நிறுவனம் தொழிலன்று என்றானது. 1963-இல் டில்லிப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கு வந்தது. பேருந்தால் நட்டம் என்று அவரை நீக்கினர். அவர் இழப்பீடு கேட்டார். கல்வி புனிதப் பணி, ஆசிரியர் தொழிலாளி அல்லர், ஆகவே பல்கலைக்கழகம் தொழில் அன்று என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கல்வி புனிதமானதே, யார் மறுப்பர்? ஆனால் பேருந்தை ஓட்டியவருக்கு அந்தப் புனிதத்தால் கிடைத்தது வெறுங்கை. இத்தீர்ப்பையும் கஜேந்திரகட்கரே எழுதினார் என்பது வியப்புக்குரியது.

1967-இல் சென்னை ஜிம்கானா கிளப்பின் ஊழியர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் தோற்றது. உறுப்பினர்கள் தமக்குத் தாமே இன்பம் தேடிக்கொள்ளும் இடம் தொழிலாகாது என்றனர். உணவு பரிமாறியவர் அந்த இன்பத்தில் பங்கு பெற்றாரா என்ற வினாவுக்குத் தீர்ப்பில் இடம் இருக்கவில்லை. 1970-இல் டில்லி சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில், 1960-ஆம் ஆண்டுத் தீர்ப்பே தள்ளப்பட்டது. மருத்துவமனை ஊழியர் மீண்டும் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

இந்நிலையில்தான் பெங்களூர் வழக்கு எழுந்தது. குடிநீர் வாரியத்தின் ஊழியர் சிலர்மீது ஒழுங்கீனக் குற்றம் சாட்டி, அபராதம் விதித்து, தொகையையும் பிடித்துக்கொண்டனர். தம் பக்கத்து நியாயத்தை முறைப்படி கேளாமலே தண்டித்தனர் என்று கூறி, ராஜப்பா முதலிய ஊழியர் தொழிலாளர் நீதிமன்றத்தில் பணத்தைக் கேட்டனர். 'நாங்கள் சட்டத்தால் அமைந்த வாரியம். குடிமக்களுக்கு அடிப்படை வசதி அளிப்பது அரசின் கடமை போன்றது. ஆகவே நாங்கள் தொழில் நடத்தவில்லை' என்றது வாரியம். தொழிலாளர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கர்நாடக உயர்நீதிமன்றமும் ஏற்கவில்லை. வாரியம் உச்ச நீதிமன்றம் சென்றது. முன்னைய தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டுக் கிடந்தமையால், ஏழு நீதிபதிகள் அமர்ந்து கேட்டனர்.

1978 பிப்ரவரி 21 அன்று, தலைமை நீதிபதி பேக் ஓய்வு பெற்ற நாளிலேயே, தீர்ப்பு வெளிவந்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டைச் சார்ந்தவர், 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர். பகவதியும் தேசாயும் அவரோடு ஒன்றினர். பேக் தனியே எழுதி உடன்பட்டார். சந்திரசூட் முடிவை ஏற்றுத் தம் காரணங்களைப் பின்னர் எழுதினார். ஜஸ்வந்த் சிங், துல்ஜாபூர்கர் இருவரும் வேறுபட்டனர்.

கிருஷ்ணய்யர் வகுத்த சோதனை மும்முனை கொண்டது. செயல் முறையாகத் தொடர்ந்து நடைபெற வேண்டும். முதலாளியும் தொழிலாளியும் கூடி உழைப்பதால் அமைய வேண்டும். மனிதரின் தேவையையும் விருப்பத்தையும் நிறைவேற்றும் பொருளையோ சேவையையோ ஆக்கவோ வழங்கவோ வேண்டும். மூன்றும் இருப்பின் அது தொழில். இலாப நோக்கம் இல்லை என்பதாலோ, நடத்துவது அரசு என்பதாலோ, அறம் என்று பெயர் சூட்டியதாலோ அது மாறாது. முற்றிலும் ஆன்மிகமான பணி இதில் சேராது. ஆனால் பெருமளவில் பிரசாதம் செய்து வழங்குதல் சேரக்கூடும்! சட்டமியற்றல், நீதி வழங்கல் போன்ற, அரசுக்கே உரிய இறைமைப் பணிகள் விலக்கு. சிறு கிளப்புகளுக்கும், ஓரிரு உதவியாளரோடு நடத்தும் சிறு அலுவலகங்களுக்கும் ஓரளவு விலக்கு உண்டு. ஜிம்கானா, டில்லிப் பல்கலைக்கழகம், சப்தர்ஜங், வழக்கறிஞர் நிறுவனம் ஆகிய வழக்குகளின் முடிவுகள் யாவும் வீழ்ந்தன.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மருத்துவமனையில் வேலைநிறுத்தம் நேர்ந்தால் நோயாளி என்னாவார்? சிற்றூர் அறநிலையம் தீர்ப்பாயச் செலவைத் தாங்குமா? சட்டமன்றமே தெளிவான இலக்கணம் வகுக்கட்டும் என்று நீதிபதிகளும் வேண்டினர். 1982-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மருத்துவமனை, கல்வி நிலையம், ஆராய்ச்சி நிலையம், அறநிலையம், கதர்ப்பணி, வீட்டு வேலை ஆகியவற்றை விலக்கியது. திருத்தத்தின் மற்றப் பகுதிகள் 1984-இல் நடைமுறைக்கு வந்தன. இந்த ஒரு பகுதி மட்டும் வரவேயில்லை. விலக்கப்படுவோர் தம் குறையை முறையிட வேறு வழி அமையாததே அதற்குக் காரணம். ஆகவே வரைவிலக்கணம் ஏட்டில் உறங்க, பெங்களூர்த் தீர்ப்பே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது. 2005-இல் ஐந்து நீதிபதிகள் அதில் ஐயம் எழுப்பினர். 2017-இல் அது ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இதற்கிடையே சட்டமே மாறியது. 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கும் முயற்சியில், 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் தொழில் உறவுத் தொகுப்பை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21-இல் நான்கும் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டங்கள் சிதறிக் கிடந்தன என்பதும், ஒரே சொல்லுக்குச் சட்டத்துக்கொரு பொருள் இருந்தது என்பதும் உண்மையே. அவற்றை மொழிபெயர்த்தோர் அதனை நன்கறிவர். ஆயினும் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தங்கள் நடத்தி எதிர்த்தமைக்கும் காரணம் இருந்தது. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய நிறுவனங்களின் அளவு 1976-இல் 300 தொழிலாளர் என்றிருந்தது. 1984 முதல் 100 ஆயிற்று. இப்போது மீண்டும் 300. முன்பு பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் கட்டாயமாயிருந்த வேலைநிறுத்த அறிவிப்பு, இனி எல்லாத் தொழில்களுக்கும் 14 நாள் முன்னதாகத் தரப்பட வேண்டும்.

'தொழில்' என்பதன் இலக்கணத்தில் பெங்களூர்த் தீர்ப்பின் மும்முனை தெளிவாகத் தெரிகிறது. இலாப நோக்கம் இல்லை என்பதால் மட்டும் ஒன்று நீங்குவதில்லை. மருத்துவமனையும் கல்விக்கூடமும் பெயர் சொல்லி விலக்கப்படவில்லை. அறப்பணியிலும் சமூகப்பணியிலும் முழுமையாகவோ பெரும்பாலாகவோ ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்கள் விலக்கு. அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைகளும் விலக்கு; விண்வெளித் துறையின் தலைமையகமே உள்ள பெங்களூரில் இது சிறு செய்தியன்று. மத்திய அரசு அறிவிக்கும் பிற செயல்களும் விலக்கு என்ற தொடர் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அதன் பயன், இனி வரும் அறிவிப்புகளைப் பொறுத்தது.

வீட்டு வேலை மட்டும் பெயர் கூறியே விலக்கப்பட்டுள்ளது. நீலசந்திராவிலிருந்து காலையில் புறப்பட்டு, அண்டைப் பகுதிகளின் வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்து திரும்பும் பெண்களில் தமிழ் பேசுவோர் பலர். குடிநீர் வாரிய ஊழியரின் வழக்கால் மருத்துவமனைத் துப்புரவாளரும் கல்லூரிப் பேருந்து ஓட்டுநரும் தீர்ப்பாயத்தின் வாயிலைக் கடந்தனர். இப்பெண்கள் இன்னும் கடக்கவில்லை. 2004-இல் கர்நாடக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. கூலியைச் சட்டம் கூறுகிறது. நாளைக்கு வரவேண்டாம் என்று வீட்டார் ஒரு சொல்லில் நிறுத்திவிட்டால், அந்த நீக்கம் நியாயமா என்று தொழில் தீர்ப்பாயத்தில் கேட்க அவர்களுக்கு வழியில்லை.